பன்னிரண்டு திரைகளுக்கு ஒரே பெட்டி

என் மகள் இடைநிலைப் பள்ளி ஆசிரியை. போன மாதம் அவள் பள்ளிக்குப் புதிய மடிக்கணினிகள் வந்திறங்கின. ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து என் முன்னால் விரித்து வைத்தாள்.

"அப்பா, இதுக்குள்ள ஒண்ணுமே இல்லலா. பிள்ளைங்க எழுதுறதெல்லாம் வேற எங்கயோ இருக்கிற பெரிய மிஷின்ல போய் உக்காந்துக்குமாம். இது வெறும் கண்ணாடி மாதிரி. புதுசா கண்டுபிடிச்சிருக்காங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. புதுசாம்! அவள் பால்புட்டியோடு தவழ்ந்த காலத்தில் அவளுடைய அப்பன் இதைத்தான் செய்துகொண்டிருந்தான். பினாங்குத் தீவில், பல்கலைக்கழகத்தில், அறுபது பேர் அறுபது திரைகளின் முன்னால் உட்கார்ந்து ஒரே ஒரு இயந்திரத்தில் வேலை செய்தார்கள். அந்தத் திரைகளுக்குள்ளும் ஒன்றும் கிடையாது. கூரைக்கு மேலே தவழ்ந்து, அறுபது கம்பிகளையும் அந்த ஒரு இயந்திரத்துக்கு இழுத்துச் சேர்த்தவன் நான். ஆறாம் வகுப்பு வரை படித்தவன். டாக்டர் பட்டம் வாங்கியவர்களெல்லாம் என் வாயைப் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்பார்கள்: "ஆறுமுகம், எப்ப வரும்?" இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. இந்தக் கைகளைப் பற்றி நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

அங்கே இப்போது வேலை செய்யும் இளையவர்கள் எழுதுங்கள் எழுதுங்கள் என்று பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலி மடிக்கணினியைப் பார்த்தபிறகு எனக்கும் எழுதவேண்டும் போல் ஆகிவிட்டது.

பைராம் தோட்டத்தில் பிறந்தேன். பதினேழு வயதில் பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினேன். நாலு வருஷம், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், பூதக்கண்ணாடிக்குக் கீழே ஈயம் உருக்கி ஒட்டும் வேலை. அதுதான் என் கல்லூரி. பிறகு பல்கலைக்கழகத்தில் மேசை நாற்காலி தூக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அரசாங்கச் சம்பளம் என்று என் அம்மாவுக்குப் பெருமை.

ஒரு நாள் கணினி நிலையத்தில் மேசை நகர்த்திக்கொண்டிருந்தபோது, டெர்மினல் என்று நாங்கள் சொல்லும் அந்தத் திரைகளில் ஒன்றின் கம்பி முனை பிய்ந்துவிட்டது. இருபத்தைந்து ஊசிகள் உள்ள முனை. விற்ற கம்பெனிக்காரன் வந்து செய்ய ஒரு வாரமாகும் என்று பேசிக்கொண்டார்கள். "நான் செய்றேன் சார்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. ஈயக்கோலைக் கொண்டுவரச் சொல்லி என் கையில் கொடுத்தார். அரைமணியில் முடித்தேன். அவர் ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து இருபத்தைந்து ஊசிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவசரமே இல்லை. பார்த்து முடித்துவிட்டு, "நாளையிலயிருந்து நீர் மேசை தூக்க வேண்டாம்" என்றார்.

அவர்தான் குலசிங்கம் சார். யாழ்ப்பாணத்துக் குடும்பம்; அப்பா காலத்திலேயே ரயில்வே கிளார்க்காகப் பினாங்குக்கு வந்தவர்கள். வெள்ளை அரைக்கைச் சட்டை, நெற்றியில் மெல்லிய திருநீறு, பையில் இரண்டு பேனா. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் அறைக்குள் வந்தால் அறை தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

இயந்திரத்தை நிறுத்துவதற்கு அவர் வைத்திருந்த முறையைச் சொன்னால்தான் அவரைப் புரியும். பராமரிப்புக்காகப் புதன்கிழமைகளில் இரண்டு மணிக்கு நிறுத்துவோம். அரைமணி முன்னால் எல்லாத் திரைகளிலும் ஒரு வரி ஓடும்: எழுதியதைச் சேமித்துக்கொள்ளுங்கள். கால்மணி முன்னால் ஒருமுறை, ஐந்து நிமிடம் முன்னால் ஒருமுறை. மற்ற இடங்களில் அதோடு பொத்தானை அமுக்கிவிடுவார்கள். இவர் அதன்பிறகு எழுந்து, அறை முழுக்க நடப்பார். ஒவ்வொரு நாற்காலிக்கும் பின்னால் ஒரு கணம் நிற்பார். யாராவது இன்னும் தட்டிக்கொண்டிருந்தால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருப்பார்.

ஒருமுறை சிங்கப்பூரிலிருந்து கம்பெனி எஞ்சினியர் வந்து பெட்டியைத் திறக்கத் தயாராக நிற்கிறான். மூலையில் கிளந்தான் பெண் ஒருத்தி ஆராய்ச்சிக் கணக்கைப் போட்டுவிட்டு, விடை வரும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். எஞ்சினியர் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். குலசிங்கம் சார் அவனுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு என்னிடம், "ஓராள் இருக்கு. பொறும்" என்றார். ஒன்றரை மணி நேரம் பொறுத்தோம்.

நீல அட்டை போட்ட ஒரு பெரிய நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். எப்போது நின்றது, எப்போது எழுந்தது, என்ன செய்தோம், காத்திருந்தவர்கள் யார். நாலே பத்தி. யாருடைய தவறு என்று எழுத இடம் கிடையாது. ஏன் சார் என்று கேட்டேன்.

"பிழை விட்ட ஆளைப் பிடிச்சு என்ன செய்யப்போறீர்? காத்திருந்த ஆளுக்கெல்லோ மறுமொழி சொல்ல வேணும்" என்றார்.

அந்த அறை இன்றைக்கும் என் கண்முன்னே இருக்கிறது. குளிரூட்டியின் குளிருக்காகப் பிள்ளைகள் கம்பளிச் சட்டையோடு வருவார்கள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. அறுபது விசைப்பலகைகளும் சேர்ந்து தட்டும் சத்தம், தகரக் கூரையில் தூறல் விழுந்த மாதிரி இருக்கும். இயந்திரம் ஒன்றுதானே? யாராவது ஒருவர் பெரிய கணக்கைப் போட்டுவிட்டால் அறுபது பேருக்கும் எழுத்து நகராது. உடனே நாலு பக்கமிருந்தும் கத்துவார்கள்: "சியாப்பா து?" "யாருலா அது, நிப்பாட்டு!" போட்டவன் தலையைத் தாழ்த்திக்கொள்வான். இயந்திரம் நின்று மறுபடி எழுந்தால் எல்லோரும் கைதட்டுவார்கள். மலாய், சீனம், தமிழ் என்று பார்க்காமல் பக்கத்து ஆளின் தோளைத் தட்டுவார்கள். அந்தக் கைதட்டல் எனக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டு கதவோரம் நிற்பேன். பாதி எனக்காகவும்தான்.

தொண்ணூறுகள் பிறந்தன. ஒவ்வொரு மேசைக்கும் தனித்தனிக் கம்ப்யூட்டர் வந்தது. இப்போது ஒருவருடைய கணக்கு இன்னொருவரைத் தொடாது. யாரும் யாரையும் பார்த்துக் கத்துவதில்லை, கைதட்டுவதுமில்லை. அறுபது டெர்மினல்களில் எட்டு செத்துப்போக, மீதி ஐம்பத்திரண்டும் கிடங்குக்குப் போயின. கழித்துவிட வேண்டிய பொருள் என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டினார்கள்.

குலசிங்கம் சாருக்கு அப்போது ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது. பழைய பொருள் கழிக்கும் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளில் ஒரு கம்ப்யூட்டர்கூட இல்லை. பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வாங்க யாராலும் முடியாது. ஆனால் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் போதும், கிடங்கில் தூங்கும் இந்தத் திரைகளை அதனோடு இணைத்துவிடலாம் என்று.

குழுவின் தலைவி புவான் ரொஹானி என்ற மலாய்க்கார அம்மையார்; 'புவான்' என்றால் மலாயில் 'அம்மா'. நேர்மையானவர், வெற்றுப் பேச்சுக்கு இடம் கொடுக்காதவர். ஒரு பள்ளியில் பன்னிரண்டை வைத்து நடத்திக் காட்டுங்கள், நான் நேரில் வந்து பார்க்கிறேன் என்றார். சரியாக ஓடினால் மீதி நாற்பதும் வேறு நாலு பள்ளிகளுக்கு, பள்ளிக்குப் பத்தாகப் போகும். இல்லையென்றால் நாற்பதும் பழைய இரும்புக்கு.

கடல் பாலத்தைத் தாண்டி, நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தோம். மொத்தம் முப்பத்தொரு பிள்ளைகள். தலைமையாசிரியை கமலவேணி டீச்சர். பெற்றோர் சங்கத் தலைவர் சன்னாசி, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர், கழுத்தும் தோளும் ஒன்றாகவே இருக்கும். மூன்று சனிக்கிழமை போய், ஆசிரியர் மேசையில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டியை வைத்து, பன்னிரண்டு திரைகளையும் அதனோடு இணைத்தேன். பன்னிரண்டு கம்பிகள், ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் எண் எழுதி ஒட்டச் சொன்னார் குலசிங்கம் சார். எனக்குத்தான் கண்ணை மூடிக்கொண்டே தெரியுமே என்றேன். "உமக்குத் தெரியும். உமக்குப் பிறகு வாற ஆளுக்கு?" என்றார். ஒட்டினேன்.

பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சம் எழுத ஆரம்பித்தார்கள். மலாயில் எழுதினார்கள், ஆங்கிலத்தில் எழுதினார்கள், அந்தத் திரைகளில் தமிழ் எழுத்து வராததால் தமிழையே ஆங்கில எழுத்தில் எழுதினார்கள். எழுதியதெல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள் அவரவர் பெயரில் இருந்தது. வாரத்துக்கு ஒருமுறை நகல் எடுத்துவைத்தோம்.

நாலாவது சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். எனக்கோ மேடை கிடைத்துவிட்டது. சன்னாசி எழுந்து கேட்டார்: "ஏன் அண்ணே, பிள்ளைங்க கைய வச்சு இதுல ஒண்ண ஒடச்சுப்புட்டா?"

"பன்னண்டையும் ஒடச்சாலும் ஒண்ணும் ஆகாது. இதுங்க வெறும் மூஞ்சிதான். மூளை எங்க இருக்கு தெரியுமா?" பெட்டியைத் தட்டிக் காட்டினேன். "உங்க பிள்ளைங்க எழுதுற ஒவ்வொரு எழுத்தும் இதுக்குள்ளதான். சரஸ்வதியே இந்தப் பெட்டிக்குள்ளதான் உக்காந்திருக்கான்னு வச்சுக்குங்களேன்!"

கூடம் அதிரக் கைதட்டினார்கள். திரும்பி வரும்போது காரில் குலசிங்கம் சார், "கொஞ்சம் கூடுதலாச் சொல்லிப்போட்டீர்" என்றார். அதோடு விட்டுவிட்டார்.

புவான் ரொஹானி வருகைக்கு ஒரு நாளைக் குறித்து அனுப்பினார், காலை பதினொரு மணி. அவருக்குத் தெரியாது, அது விஜயதசமி. நல்ல சகுனம் என்று எனக்கு ஒரே குதூகலம்.

அன்று காலை ஏழே முக்காலுக்கெல்லாம் இருவரும் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தோம். கணினி அறையைத் திறந்தேன். பன்னிரண்டு திரைகளும் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஆசிரியர் மேசையில் பெட்டியைக் காணோம். பன்னிரண்டு கம்பிகள் மட்டும் அறுத்துவிட்ட மாட்டுக் கயிறு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன.

கூடத்துக்கு ஓடினேன். முந்தின நாள் மாலை சரஸ்வதி பூசை நடந்திருக்கிறது. படிப்படியாகத் துணி விரித்துப் புத்தகங்கள், பென்சில் பெட்டிகள், ஆர்மோனியம், தச்சன் ரம்பம், சன்னாசியின் லாரிச் சாவி, செம்பனைக் குலை வெட்டும் அரிவாள்கூட ஒன்று. மேல்படியில், சரஸ்வதி படத்துக்கு நேர் கீழே, மல்லிகை மாலை போட்டுக்கொண்டு எங்கள் பெட்டி. முகத்தில் மூன்று பட்டைத் திருநீறு. டிஸ்க் செருகும் வாயில் சந்தனத்தை அப்பி நடுவில் குங்குமம்.

"யாரு இதக் கழட்டுனது?" என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

சன்னாசி பெருமையோடு முன்னால் வந்தார். "நான்தான் அண்ணே. நீங்கதானே சொன்னீங்க, சரஸ்வதியே உள்ள உக்காந்திருக்கான்னு? புத்தகத்த எல்லாம் இங்க வச்சுட்டு, அவள அந்த ரூம்ல தனியா உட்டுட்டு வந்தா நல்லாவா இருக்கும்?"

"முறையா மூடிட்டுக் கழட்டுனீங்களா?"

"செவுத்துல ஸ்விட்ச அடைச்சேன்லா. பிறகு ஒவ்வொண்ணாப் புடுங்குனேன். பூப்போல தூக்கிட்டு வந்தேன், கேளுங்க டீச்சர!"

ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் மூச்சை அப்படியே நிறுத்தியிருக்கிறார். நான் என்னென்னவோ கத்தினேன். குலசிங்கம் சார் ஒன்றே ஒன்று கேட்டார்: "மேல தண்ணி தெளிச்சனீங்களோ?"

"மஞ்சத் தண்ணி சார். கொஞ்சமாத்தான். மாவிலையால."

பெட்டியின் மேல்புறம் முழுக்கக் காற்றுத் துளைகள். நான் படியேறிப் பெட்டியில் கை வைத்தேன். கமலவேணி டீச்சர் குறுக்கே வந்து நின்றார்.

"எடுக்காதீங்க அண்ணே! பூசையில வச்சத புனர்பூசை பண்ணாம எடுக்கக் கூடாது. பூசாரி ஒன்பதரைக்குத்தான் வர்றாரு. பிள்ளைங்க புத்தகத்தக்கூட இன்னும் தொடல."

"டீச்சர், பதினொரு மணிக்கு அந்தம்மா வருது! இது ஓடலன்னா நாலு பள்ளிக்கூடத்துக்கு வர்ற நாப்பதும் போச்சு!"

"அதுக்காக? சரஸ்வதி கோவிச்சுக்கிட்டா, நாப்பது வந்து என்ன, நானூறு வந்து என்ன?"

இரண்டு பேருமே அழுதுவிடும் நிலையில் இருந்தோம். குலசிங்கம் சார் செருப்பைக் கழற்றினார். குழாயடியில் கால் கழுவி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு வந்தார்.

"டீச்சர், விஜயதசமி காலமையே பிறந்திட்டுது. பூசையை இப்ப நாங்கள் செய்வம். பூசாரி வந்தா இன்னொருக்காச் செய்யட்டும். அம்மாவுக்கு ரெண்டு பூசை கிடைச்சா வேண்டாமெண்டு சொல்லுவாவோ?"

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளைகளைக் கூப்பிட்டார். முப்பத்தொரு பேரும் கைகூப்பி நின்றார்கள். குலசிங்கம் சார் கற்பூரம் காட்டினார், நிதானமாக, கடிகாரமே இல்லாத ஊரில் இருப்பவரைப் போல. விழுந்து கும்பிட்டு எழுந்து, பெட்டியை முறைப்படி ஒரு விரற்கடை நகர்த்திவைத்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "இப்ப தூக்கும்" என்றார்.

நாலு திருகாணி. மூடியைத் திறந்தேன். கம்பிகள் வந்து சேரும் பலகையின் மேல் மஞ்சள் முத்துமுத்தாக நின்றது. விசிறியில் திருநீறு அடைத்திருந்தது. ஒரு மல்லிகை இதழ்கூட உள்ளே விழுந்திருந்தது. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் அவர். பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, முதலுதவிப் பெட்டியில் இருந்த ஸ்பிரிட்டில் தூரிகையை நனைத்துத் துடைத்தேன். இந்த இடத்தில் நான் பெருமை அடித்துக்கொண்டே ஆகவேண்டும்: ஒரு ஊசிகூட வளையவில்லை. பாயான் லெப்பாஸ் பூதக்கண்ணாடி கற்றுக்கொடுத்த கை. வெயிலில் செய்தித்தாளை விரித்து அரைமணி உலர்த்தினோம். டீச்சர் தன் வீட்டிலிருந்து தலைமுடி உலர்த்தும் மிஷினைக் கொண்டுவந்து கொடுத்தார். சன்னாசி அதைப் பிடித்துக்கொண்டு, குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி ஒவ்வொரு பலகைக்கும் சூடு காட்டினார்.

கம்பிகளைத் திரும்பச் செருக மூன்றே நிமிடம் ஆனது. எண்கள் ஒட்டியிருந்தனவே. ஒட்டச் சொன்னவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு எண்ணாக எடுத்துக் கொடுத்தார்.

ஒன்பதே முக்கால். சுவிட்சைப் போட்டேன். பெட்டி உயிர் பெற்றது. ஆனால் திடீரென்று நின்ற இயந்திரம் எழும்போது தன் சேமிப்பு வட்டைத் தானே சோதித்து, அறுந்து கிடப்பதையெல்லாம் காட்டிக் கேள்வி கேட்கும்: இதைச் சேர்க்கட்டுமா, அழிக்கட்டுமா? கேள்விமேல் கேள்வி. கடைசியில், ஏழு பிள்ளைகள் எழுதியவை பெயர் இழந்து வெறும் எண்களாகக் கிடந்தன.

"சார், நேரமில்ல. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் போன வாரத்து நகல ஏத்திடுவோம்."

"இந்தக் கிழமை எழுதினது?"

"சின்னப் பிள்ளைங்க எழுதுனதுதானே சார்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஓம். அவையள் எழுதினதுதான்."

பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார். பெயரில்லாத ஒவ்வொன்றின் முதல் வரியையும் திரையில் கொண்டுவந்து, உரக்கப் படித்தார். 'என் கோழி செத்துப்போனது' என்று மலாயில் ஒரு வரி. "என்னோடது சார்!" என்று ஒரு சிறுமி குதித்தாள். 'அப்பா மோட்டார் சைக்கிளில் மூன்று பேர் போவோம்.' "என்னுது!" ஒவ்வொன்றாக, எழுதியவரின் பெயரை மறுபடி சூட்டினார். ஏழாவது முழுக்க ஆங்கில 'ஏ' என்ற ஒரே எழுத்துதான், பக்கம் பக்கமாக. யாரும் கையைத் தூக்கவில்லை. கடைசியில் டீச்சர் முறைத்த முறைப்பில் ஒரு பையன், "அது நாந்தான் சார். கீபோர்டு மேல தூங்கிட்டேன்" என்றான். அதற்கும் சாதாரணமாகத் தலையை ஆட்டிவிட்டு, அவன் பெயரைப் போட்டுச் சேமித்தார்.

பன்னிரண்டு திரைகளும் ஒன்றாகப் பச்சை எழுத்துக் காட்டியபோது மணி பத்து ஐம்பத்தைந்து. பிள்ளைகள் கைதட்டினார்கள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தச் சத்தம். குலசிங்கம் சார் மூலையில் உட்கார்ந்து நீலப் புத்தகத்தில் நாலு பத்தியையும் நிரப்பி, மேசைமேல் வைத்தார்.

புவான் ரொஹானி சொன்ன நேரத்துக்கு வந்தார். கோழிச் சிறுமியின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அவள் எழுதியதை முழுக்கப் படித்தார். கோழிக்கு என்ன வியாதி என்று விசாரித்தார். "பாகுஸ், பாகுஸ்" என்று அவர் பாராட்டப் பாராட்ட எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பிறகு என்னிடம் திரும்பி மலாயில் கேட்டார்: நல்லது, ஆனால் எல்லாமே அந்த ஒரு பெட்டியை நம்பியிருக்கிறதே, அது எப்போதாவது நின்றிருக்கிறதா?

"ஒருக்காலும் இல்ல புவான்" என்றேன். "நான் போட்ட மிஷின். ஒரு நிமிஷம்கூட நின்னதில்ல."

பின்னால் சன்னாசி இருமினார்.

அந்தப் புத்தகம் மேசைமேல் இருப்பதைப் பார்த்துக்கொண்டேதான் அப்படிச் சொன்னேன். வாய் அப்படியே பழகிவிட்டது. புவான் ரொஹானி சாதாரணமாகத்தான் புத்தகத்தைத் திறந்தார். கடைசி வரியில் விரல் நின்றது. காலை ஏழு ஐம்பதுக்கு நின்ற நிலையில் கண்டது. பத்து ஐம்பத்தைந்துக்கு எழுந்தது. உள்ளே தண்ணீர், துடைத்து உலர்த்தியது. காத்திருந்தவர்கள் முப்பத்தொரு மாணவர்கள். மை கூட நன்றாகக் காய்ந்திருக்காது.

"இது இன்றைக்கா?" என்று குலசிங்கம் சாரைக் கேட்டார்.

"ஆமாம் புவான். இன்றைக்குத்தான்."

அம்மையார் என்னைப் பார்த்தார். கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். புத்தகத்தை மூடி, இருந்த இடத்திலேயே நேராக வைத்தார். பிள்ளைகளிடம் சிரித்துப் பேசிவிட்டு, டீச்சர் கொடுத்த சுண்டலை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

திரும்பும்போது காரில் பாலத்தின் நடுவுக்கு வந்திருந்தோம். நான்தான் ஆரம்பித்தேன். "சார், நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் சொன்னார்: "தண்ணி போன மிஷினை மூண்டு மணித்தியாலத்தில எழுப்பிறதெண்டா அது லேசான வேலையில்ல, ஆறுமுகம். சிங்கப்பூர்க்காரனும் செய்யமாட்டான். நிக்கவே இல்லையெண்டு சொன்னீரே, அப்ப எழுப்பினது ஆர்? உம்மட வேலையை நீரே மறைச்சுப்போட்டீர்."

என் ஆயுளில் என்னைப் புகழ்ந்தவர்கள் நிறையப் பேர். அவர் புகழ்ந்தது அந்த ஒரே ஒரு முறை. அதையும் வாங்கிக்கொள்ள முடியாதபடி நானே செய்துகொண்டேன்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. பன்னிரண்டும் அந்தப் பள்ளியிலேயே இருக்கலாம். நாற்பதும் கழிக்கப்படும். காரணம் என்று ஒன்றும் எழுதியிருக்கவில்லை. என்னால்தான் என்று நான் இன்றுவரை நினைக்கிறேன். வேறு காரணமும் இருந்திருக்கலாம், தனித்தனிக் கம்ப்யூட்டர் மலிவாகிக்கொண்டிருந்த காலம்தான் அது. குலசிங்கம் சார் ஓய்வுபெற்று மெல்பர்னில் மகளிடம் போய்விட்டார். தீபாவளிக்குத் தீபாவளி ஒரு அட்டை வரும். ஒரு வருஷம் வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. அந்தப் பள்ளியின் பன்னிரண்டு திரைகளும் அதற்குப்பிறகு பல வருஷம் ஓடின. நான் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருவேன். சரஸ்வதி பூசைக்கு சன்னாசி மிஷினைத் தொடமாட்டார். படத்தைத்தான் தூக்கிக்கொண்டு கணினி அறைக்கு வருவார்.

நாற்பதில் பத்து போகவேண்டியிருந்தது அடுத்த தோட்டத்துப் பள்ளிக்கு. வராது என்று கடிதத்தில் தெரிவித்துவிட்டார்கள். ஆனாலும் நேரில் போய்ச் சொல்லவேண்டும் என்று எனக்கு இருந்தது. கடிதம் வந்த அந்த மாதமே ஒரு மத்தியானம் போனேன். தலைமையாசிரியர் சின்ன வயது, என்னைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருந்தார். "வாங்கண்ணே, வாங்க" என்று ஒரு வகுப்பறைக்குள் அழைத்துப்போனார். சுவரோரமாக ஒரு நீளமான மேசை. புதுப் பலகை, வார்னிஷ் வாசனை இன்னும் போகவில்லை.

"அப்பாமாருங்க எல்லாம் சேர்ந்து அடிச்சதண்ணே. நீங்க அங்க போட்டிருந்த மேசையப் போய் அளந்துட்டு வந்து அதே மாதிரி பண்ணாங்க. பரவால்ல, வீணாப் போகல. பிள்ளைங்க உக்காந்து எழுதிக்கிறாங்க."

"தம்பி, அந்தத் திரைங்க வராமப் போனதுக்கு நான் ஒரு காரணம்" என்றேன். பெட்டி நின்றதை, எழுப்பியதை, நிற்கவே இல்லை என்று நான் சொன்னதை, ஒன்றும் விடாமல் சொன்னேன்.

அவர் மேசைமேல் கிடந்த இரண்டு நோட்டுகளை எடுத்து அடுக்கிவைத்தார். "டீ சாப்பிடுறீங்களாண்ணே?" என்று கேட்டுவிட்டு வெளியே போனார்.

நான் மேசை அருகே நின்றேன். கம்பி இறங்குவதற்காக, இடைவெளி பார்த்துப் பத்து ஓட்டைகள் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் அவற்றில் பென்சில்களைச் செருகி வைத்திருந்தார்கள். ஒரு பென்சிலை எடுத்துவிட்டு ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். கம்பியின் தோல் கிழியாமலிருக்க, உள்விளிம்பை யாரோ மணல்தாள் போட்டு வழவழவென்று தேய்த்திருந்தார்கள்.